போர்க்கப்பல் நிற்கும் வாரம்: எல்லா வண்டியையும் சோதிப்பதா, குலுக்கிப் போட்டுச் சிலதை மட்டுமா?

நங்கூரம்:
வெளிநாட்டுப் போர்க்கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் முழுசாகத் திறந்து பார்க்கணும். பத்தில் ஒன்றைப் பார்த்தால் மீதி ஒன்பதுக்கு யார் பொறுப்பு?

கேட்பாஸ்:
கணக்குப் போட்டுப் பாருங்க சார். நுழைவு அட்டை மட்டும் பார்க்க வண்டிக்கு 30 நொடி என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 120 வண்டி போகும். பானட், டிக்கி, சீட்டுக்கு அடி, சக்கர வளைவு, டேங்க் மேல்பக்கம் என்று பார்த்தால் 4 நிமிடம், மணிக்கு 15தான். காலை ஷிப்டுக்கு 200 வண்டி வந்தால் 13 மணி நேரம். வரிசை மெயின் ரோட்டில் நிற்கும். சோதிக்காத வண்டிகளும் ஆட்களும் வேலிக்கு வெளியே குவிந்து கிடப்பதைவிட, தாக்க வருபவனுக்கு வேறு என்ன வசதி வேணும்?

நங்கூரம்:
மூணு வரிசை திறங்க.

கேட்பாஸ்:
அப்பவும் நாலரை மணி நேரம் ஆகும். அதுக்குப் பயிற்சி பெற்ற ஆள் எங்கே?

நங்கூரம்:
சரி, 'பத்தாவது வண்டி' என்று எண்ணிப் பிடிப்பதை டிரைவர் ரெண்டே நாளில் கண்டுபிடிச்சிடுவான். ஒதுங்கி நின்று ரெண்டு லாரியை முன்னால் விட்டுட்டு வருவான். காவலர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலோ, பழைய வண்டி, தெரியாத முகம் மட்டும்தான் மாட்டும்.

கேட்பாஸ்:
இதை ஒத்துக்கறேன். எண்ணவும் வேணாம், முகமும் பார்க்க வேணாம். ஒரு பையில் பத்து பாசிமணி, அதில் ஒன்று மட்டும் சிவப்பு. வண்டிக்கு ஒரு தடவை எடுத்துத் திரும்பப் பையிலேயே போடணும். சிவப்பு வந்தால் தெரிந்தவர், தெரியாதவர் பாகுபாடு கிடையாது. முக்கியமான விஷயம், சோதனையை வரிசையிலேயே செய்யக் கூடாது, பக்கத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தத் தனித் திட்டு வேணும். வரிசை 120லேயே ஓடும். அதில் பிரியும் 12 வண்டிக்கு 48 நிமிடம், ஒரு திட்டு தாங்கும். கதவையும் பானட்டையும் டிரைவரே திறக்கணும், திறந்துட்டு தள்ளி நிற்கணும்.

உப்புக்காற்று:
ரெண்டு பேரும் மணியை எண்ணிட்டு இருங்க. ஒப்பந்த ஆளுக்கு வரிசை நிற்பது சோதனையால் இல்லை, கேட்டில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலால். அட்டையில் முதலெழுத்து, பட்டியலில் விரித்த பெயர். காவலர் போன் போட்டுக் கேட்பதற்குள் கால் மணி நேரம் போயிடும். அட்டையில் உள்ளபடியே பெயர், அட்டை எண், வண்டி எண் மூணையும் முந்தின நாள் மாலைக்குள் கொடுத்தால் பாதித் தகராறு தீரும். மாற்று டிரைவர் பெயரையும் சேர்த்தே கொடுக்கணும், அதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. கருவிப் பட்டியல் ரெண்டு பிரதி: ஒன்று கேட்டில், ஒன்று கையில். வெளியே வரும்போது எண்ணிக்கை குறைந்தால் அங்கேயே நிறுத்திடுவாங்க. வெல்டிங் சிலிண்டருக்குத் தனியா அனுமதி.

நங்கூரம்:
ஐ.எஸ்.பி.எஸ். என்கிற கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பில், ஆபத்து கூடும்போது வைக்கும் இரண்டாம் நிலை வைத்தாலே முழுச் சோதனைதானே? கப்பற்படை ஆட்களின் பையும் அதில் அடக்கம்.

கேட்பாஸ்:
ரெண்டுமே தப்பு. 2004 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அந்த விதித்தொகுப்பு போர்க்கப்பலுக்குப் பொருந்தாது, சர்வதேசப் பயணம் போகும் வணிகக் கப்பல்களுக்கும் அவை வரும் துறைமுகத்துக்கும்தான். இரண்டாம் நிலையில் அது சொல்வது சோதனையை அடிக்கடி செய் என்பது, எல்லாரையும் செய் என்பதல்ல. நிலையை அறிவிப்பதும் அரசு, கேட் அதிகாரி அல்ல. கப்பலுக்குள் கேப்டன் அனுமதி இல்லாமல் உள்ளூர் போலீசும் ஏற முடியாது. கரைக்கு வந்து திரும்பும் மாலுமிகளின் பையை கேட்டில் யார் பார்ப்பது என்பதைக் கப்பல் வருமுன் கூட்டத்தில் எழுதி வாங்கணும். இல்லேன்னா ராத்திரி ஷிப்ட் மாறும் நேரத்தில், மாலுமிகள் பஸ்ஸும் தொழிலாளர் வரிசையும் ஒரே கேட்டில் மோதிக்கும்.

நங்கூரம்:
பஸ்ஸுக்குத் தனி கேட் கேளுங்க. இரவு 10 முதல் 6 வரை வண்டி குறைவு, அப்ப முழுச் சோதனை வைப்பதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்?

கேட்பாஸ்:
ஆட்சேபம் இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்க்கும் கண்ணாடியில் விளக்கு இருக்கணும். மழையில் கண்ணாடி மங்கிடும், துடைக்கத் துணி வைங்க.