ரப்பர் பணத்தை லார்ஜ் கேப் ஃபண்டில் போடலாமா?

அருமனை டீச்சர்

வணக்கம். அருமனைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். வெட்டுக்கூலி, ஆசிட், உரம் எல்லாம் போக, நல்ல மாதத்தில் பத்தாயிரம் வரை கையில் நிற்கும். ஆனால் ஆனிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வெட்டு சரியாக நடக்காது. இலை உதிரும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு விட வேண்டும். அந்த மாதங்களில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) விற்ற காசு மட்டும்தான்.

வீட்டுச் செலவு என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஓடிவிடும். தோட்டத்துப் பணத்தை மகளுக்காகத் தொடாமல் சேர்க்க ஆசை. அவளுக்கு 3 வயது. மாமி நகை எடு என்கிறார். மைனி சீட்டில் சேரச் சொல்கிறார். வங்கியில் போய்க் கேட்டால், "எல்லாம் பெரிய கம்பெனிதான் மேடம், பயமே வேண்டாம்" என்று ஒரு லார்ஜ் கேப் ஃபண்டுப் படிவத்தை (பலரின் பணத்தைச் சேர்த்துப் பெரிய கம்பெனிப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) நீட்டினார்கள். மாதம் 5,000 எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் முறை) என்று பென்சிலால் குறித்தும் தந்துவிட்டார்கள்.

பெரிய கம்பெனி என்றால் முதல் போகாதா? மழை மாதத்தில் கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும்?

வடசேரி ஹார்டுவேர்

டீச்சர், முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: போகும். குறைந்தபட்சம் சில வருடங்களுக்குப் போனதுபோல் காட்டும். அந்த "பயமே வேண்டாம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

லார்ஜ் கேப் என்பதற்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2017-ல் கணக்கு வைத்துவிட்டது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள்தான் லார்ஜ் கேப். அந்த ஃபண்டு தன் பணத்தில் 80 சதவீதமாவது அவற்றில் வைத்திருக்க வேண்டும். பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கம்பெனி பெரியது என்பதற்கு இதுதான் சான்று, கெட்டுப்போகாது என்பதற்கு அல்ல. யெஸ் பேங்க், 50 பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி 50-க்குள்ளேயே இருந்தது. 2018-ல் 400 ரூபாயை நெருங்கிய பங்கு, 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்குக் கீழே. ஃபண்டில் பல கம்பெனிகள் இருப்பதால் அப்படி ஒன்று கவிழ்ந்தாலும் மொத்தமும் போகாது. அதுதான் ஃபண்டின் லாபம்.

ஆனால் எல்லாம் சேர்ந்து விழும் நாளும் வரும். 2020 ஜனவரியில் 12,400-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச்சில் 7,500-ஐத் தொட்டது. அதே நவம்பரில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்பது இப்போது சொல்ல எளிது. 2008-ல் 21,000-த்தில் இருந்த சென்செக்ஸ் (மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு) 8,000-க்கும் கீழே போனபோது என் ஃபண்டும் பாதியாகிவிட்டது. வீட்டில் எனக்குச் சாயா கிடைப்பதே பெரும்பாடு. அப்போது மீள அதிக காலம் பிடித்தது. நான் கட்டுவதை நிறுத்தவில்லை, கடை ஓடிக்கொண்டிருந்ததால் முடிந்தது.

உங்களுக்கு இது புதிது இல்லையே. 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர் 2016-ல் நூறுக்குக் கீழே வந்தது. அன்றைக்கு மரத்தை வெட்டிவிட்டு வாழை வைத்தவர்கள் உண்டு, வைத்திருந்தவர்களும் உண்டு. 15 வருடம் அந்தப் பணத்தைத் தொட வேண்டிய அவசியம் வராது என்றால் மட்டும் இதில் போடுங்கள்.

அப்புறம் அந்தப் படிவம். ஏ.ஆர்.என். (விற்பவரின் பதிவு எண்) என்ற கட்டத்தில் எண் அச்சடித்திருந்தால் அது ரெகுலர் பிளான். விற்பவரின் கமிஷன் வருடா வருடம் உங்கள் பணத்திலிருந்து போகும். இதே ஃபண்டு, விற்பவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானிலும் உண்டு, பெரும்பாலும் வருடத்துக்கு 1 சதவீதம் அளவுக்குச் செலவு குறையும். ஒரு சதவீதம்தானே என்று விட வேண்டாம். மாதம் 5,000 வீதம் 15 வருடத்தில் நீங்கள் போடுவது 9 லட்சம். கணக்குக்காக 12 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் சுமார் 25 லட்சம், 11 சதவீதம் என்றால் 23 லட்சம். 2 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். 12 வரும் என்று நான் சொல்லவில்லை, யாரும் சொல்ல முடியாது.

குளச்சல் கடல்காற்று

அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பொறுக்க இருப்பதே முக்கால்வாசி அந்த 100 கம்பெனிதான் என்னும்போது, மேனேஜருக்கு அதிகச் சம்பளம் எதற்கு? குறியீட்டைத் தாண்டாத லார்ஜ் கேப் ஃபண்டுகள் ஏராளம். நிஃப்டி 50 அல்லது நிஃப்டி 100 இண்டெக்ஸ் ஃபண்டு (குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்குவது), டைரக்ட், குரோத் (லாபத்தை வெளியே தராமல் ஃபண்டிலேயே வளரவிடுவது). முடிந்தது. டிவிடெண்ட் என்று வங்கியில் காட்டினால் (இப்போது அதன் பெயர் ஐ.டி.சி.டபிள்யூ.) தொடாதீர்கள், நம் பணத்தையே எடுத்து நம் கையில் தந்து வரியும் போடுவார்கள்.

மார்த்தாண்டம் தபால்

எல்லோரும் சந்தையைப் பற்றியே பேசுகிறீர்கள். மகளுக்கு 3 வயது என்கிறார், பெண் குழந்தைகளுக்கான அரசின் செல்வமகள் சேமிப்புக் கணக்கை ஒருவரும் சொல்லவில்லை!

வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். எந்த மாதமும் கட்டலாம், ரப்பர் ஷீட் விற்ற அன்றைக்கு வந்து கட்டிவிட்டுப் போகலாம். 15 வருடம் கட்ட வேண்டும், கணக்கு தொடங்கி 21 வருடத்தில் முதிர்வு. 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள், காலாண்டுக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். வட்டிக்கு வரி இல்லை. பெண்ணுக்கு 18 ஆனால் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். ஃபண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரி சேரும் ஆனி மாதத்தில் சந்தை கீழே கிடந்தால் என்ன செய்வீர்கள்?

அருமனை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. செல்வமகள் ஏற்கெனவே மனதில் இருந்தது, பாதிப் பாதி என்று யோசிக்கிறேன். கடையில் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, புள்ளி இருக்கிறது, குமிழ் இருக்கிறது என்று தரத்தைக் குறைப்பார்களே, அதைப் பார்த்துப் பழகியவள் நான். விலை ஏறி இறங்குவதைத் தாங்குவேன். ஆனால் மழை மாதக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வடசேரி ஹார்டுவேர்

மன்னிக்கணும் டீச்சர், பேச்சில் விட்டுவிட்டது.

ஃபண்டு கம்பெனி அபராதம் போடாது. ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி கட்டணம் பிடிக்கும். மூன்று மாதம் தொடர்ந்து திரும்பினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும், போட்ட பணம் அப்படியே இருக்கும். அதனால் 5,000 வேண்டாம். மழை மாதத்திலும் தாங்குகிற தொகை, 1,500 என்று வையுங்கள். ஷீட் விற்கும்போது மீதியை அதே ஃபோலியோவில் (உங்கள் ஃபண்டுக் கணக்கில்) தனியாகப் போட்டுக்கொள்ளலாம். வெட்டு நின்ற மாதம் அந்த 1,500-ஐச் சம்பளத்தில் சமாளித்துவிடுவீர்கள்.

விற்கும்போது வரி உண்டு. ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளின் (ஃபண்டில் உங்கள் பங்குகளின்) லாபத்தில், ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் போனதற்கு மட்டும் 12.5 சதவீதம். தபால் அண்ணாச்சி சொன்ன கல்லூரிக் கேள்விக்கும் இதையே பிடித்துக்கொள்ளலாம்: பெண் பத்தாம் வகுப்பு முடித்ததும் வருடம் கொஞ்சமாக விற்று வைப்புநிதிக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். வரியும் குறையும், ஆனி மாதத்துப் பயமும் குறையும்.

கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்புக்கு பான், ஆதார் போதும். நாமினி பெயரை மறக்காமல் போடுங்கள்.