பாக் பாரம் குறைஞ்சால் நடை வேகம் கூடுமா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
ஓகஸ்ட் லீவுக்கு பீகோ ட்ரெயில் எண்ட மலையக நடைபாதையில ஹட்டனில இருந்து ஹப்புத்தளைப் பக்கமா நடக்க யோசிக்கிறம். என்ர நிறை 60 கிலோ, கட்டி வைச்ச பாக் 12. காலிமுகத்திடலில கொழுவிக்கொண்டு நடந்து பாத்தன், பெரிசா ஒண்டும் தெரியேல்ல. கூட வாறவ 7 கிலோவாக்கு, வேகம் தானா வரும் எண்டுறா. அதுக்கு விலை கூடின மெல்லிய பாக் வாங்கத்தான் வேணுமா?

பழைய நடையன்:
தங்கச்சி, காலிமுகத்திடலில என்ன ஏத்தம் இருக்கு, தெரியிறதுக்கு? ஏத்தத்தில நீங்கள் தூக்கிறது உங்களையும் சேத்து 72 கிலோ. 5 குறைச்சால் 67. கிட்டத்தட்ட 7 சதவீதம். அதே மூச்சில ஏறினால் ஒரு மணித்தியால ஏத்தத்தில 4 நிமிசம் மிச்சம், அவ்வளவுதான்.

பின்னேரம்தான் வித்தியாசம் விளங்கும். பாரக்காரர் வளைவுக்கு வளைவு பாக்கை இறக்கித் தோளைத் தேய்ச்சுக்கொண்டு நிப்பினம். உங்கட சிநேகிதி நிக்காமல் போவா, அதால முன்னுக்கு நிப்பா. தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில முழங்காலும் நன்றி சொல்லும்.

பாக்கை விடுங்கோ, உள்ளுக்கு இருக்கிறதைக் கொட்டிப் பாருங்கோ. ஜீன்ஸ் இருந்தால் முதல் அது வெளியில. நனைஞ்சால் லேசில காயாது. டின்மீன் ஏன்? அந்தப் பாதை 300 கிலோமீற்றருக்கு மேல, 22 கட்டம், கனக்கத் தோட்டங்களுக்குள்ளால போகுது. லயத்துப் பக்கத்துக் கடையில ரொட்டியும் தேத்தண்ணியும் தமிழிலயே கேட்டு வாங்கலாம். தண்ணி லீற்றருக்கு ஒரு கிலோ, அடுத்த கடை மட்டும் காணுமான அளவு போதும். சப்பாத்தையும் நிறுத்துப் பாருங்கோ: காலில ஒரு கிலோ, முதுகில நாலைஞ்சு கிலோவுக்குச் சமன். இடுப்புப் பட்டியை இறுக்கினால் பாரம் தோளில இருந்து இடுப்புக்கு இறங்கும். அதுக்குக் காசும் இல்ல.

அம்மம்மாவின்ர பேரன்:
கதிர்காமப் பாத யாத்திரையிலயும் இதுதான். ஊர்வழிய அன்னதானம் கிடைக்கிற மட்டும் துணிப்பொட்டலம் போதும். உகந்தை தாண்டிக் காட்டுக்குள்ள இறங்கேக்கதான் அரிசி, பருப்பு எல்லாம் ஏறும். முதல் பாதையைப் பாருங்கோ, பிறகு கட்டுங்கோ.

ஹட்டன்காரன்:
ஆனா மழைக்கோட்டையும் குளிர் சட்டையையும் மட்டும் எடுத்துப் போட்றாதீங்க. ஓகஸ்ட்ல நம்ம பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஹப்புத்தளைப் பக்கம் போகப் போக மழை கொறையும், காத்து தூக்கும். பாக் உள்ளுக்கு ஒரு பெரிய பொலித்தீன் பை போட்டுக் கட்டுங்க. கால்ல ஏர்ற அட்டைக்கு உப்பு கொஞ்சம்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
கொட்டிப் பாத்தன். ஜீன்ஸ் இரண்டு, டின்மீன் நாலு, ஒரு பெரிய ஷாம்பூப் போத்தல்! எடுத்தாப் பிறகு 8 கிலோ சொச்சம். பாக் வாங்கேல்ல. கமரா ஒண்டரைக் கிலோ வரும், அதை விட்டிட்டு வா எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லாதேங்கோ.