அரசு உதவித்தொகையில் செய்த ஆராய்ச்சி. கம்பெனி முழு உரிமை கேட்கிறது, என்ன செய்யலாம்?

கரும்புக்காட்டுப் பேத்தி, டர்பன்:
வணக்கம். மில் பாய்லரில் எரிந்துபோகும் கரும்புச் சக்கையிலிருந்து, சூடான கஞ்சிக்கும் தாங்குகிற கிண்ணம் செய்ய மூன்று வருடமாக பல்கலைக்கழக லேபில் உழைக்கிறேன். ஆடி மாசம் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றி முடிந்ததும் கோயில் வாசலில் மலையாகக் குவியும் தெர்மோகோல் கிண்ணங்களைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். தாத்தாவின் அப்பா டோங்காட்டில் கரும்பு வெட்டியவர்.

உதவித்தொகை அரசாங்கத்துடையது. இப்போது ஒரு கம்பெனி, இனி ஆகும் செலவில் பாதி தருகிறோம், பேட்டண்ட் எங்கள் பேரில் இருக்கணும் என்கிறது. அடுத்த மாதம் மாநாட்டில் போஸ்டரும் வைக்கணும். கையெழுத்துப் போடலாமா?

பழைய அலுவலர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
போடாதேம்மா. பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டண்டும் லைசென்ஸும் பார்க்கிற தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் பதினொரு வருடம் இருந்தவன் சொல்கிறேன். பொதுப்பண ஆராய்ச்சியின் உரிமை பற்றிய தென்னாப்பிரிக்கச் சட்டம், 2008-இன் 51-ஆம் சட்டம், 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்த கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். நீ எழுதிக்கொடுக்க அது உன்னுடையதே இல்லை. முழு உரிமை வேண்டுமென்றால் கம்பெனி முழுச் செலவையும் ஏற்கணும்: லேப், கரண்டு, மேற்பார்வையாளர் நேரம் எல்லாம் சேர்த்து. பாதிப் பணத்துக்கு அது கிடையாது. கூட்டுரிமை என்றால் கண்டுபிடித்ததில் அவர்கள் கையும் இருக்கணும். லைசென்ஸ், அதாவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி, தாராளமாகப் பேசலாம்.

உனக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வரும் வருமானத்தில் முதல் 10 லட்சம் ராண்டுக்குக் குறைந்தது 20 சதவீதம், அதற்குமேல் நிகர வருமானத்தில் 30. கண்டுபிடிப்பில் கைவைத்த எல்லோரும் இதைப் பிரித்துக்கொள்வார்கள்.

போஸ்டர்தான் எனக்குப் பயம். கண்டுபிடித்த 90 நாளுக்குள், வெளியில் சொல்வதற்கு முன்னாலேயே, உன் பல்கலைக்கழகத்தின் பரிமாற்ற அலுவலகத்தில் எழுத்தில் தெரிவிக்கணும். அவர்கள் முதலில் பேட்டண்டுக்குத் தற்காலிக விண்ணப்பம் போடட்டும், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் மாநாட்டில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு மறுவாரம் வந்தான். வெளியில் சொல்லிவிட்டதால் புதுமை போயிற்று. பேட்டண்டும் போயிற்று. அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஃபீனிக்ஸ்காரன்:
அக்கா, லைசென்ஸ் பேசும்போது நம்ம பக்கத்துச் சின்னத் தொழிற்சாலைகளையும் கேட்கச் சொல்லுங்கள். சிறு தொழில்களுக்கு முன்னுரிமை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. உரியவர்களைக் கேட்காமல் விடக்கூடாது. ஹூடியா செடியின் கதை தெரியும்தானே? பசியடக்க அந்தச் செடியை மென்றுவந்தவர்கள் இங்குள்ள பூர்வகுடிகளான சான் மக்கள். அவர்களைக் கேட்காமலே தென்னாப்பிரிக்க அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். 1995-இல் பேட்டண்டுக்குப் போனது. ராயல்டியில் 6 சதவீதம் என்ற ஒப்பந்தம் 2003-இல்தான் வந்தது.

கரும்புக்காட்டுப் பேத்தி:
ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. போஸ்டரை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை லேப் நோட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறேன்.