பிளாக் ஹிஸ்டரி மன்த்துக்கு ஒரு காதல் கதை சொல்லணும், எதைச் சொல்றது?

வெள்ளிக்கொலுசு:

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல இருக்கோம், வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. எங்க ஏரியா லைப்ரரில பிப்ரவரில பிளாக் ஹிஸ்டரி மன்த் (கறுப்பினத்தவங்க வரலாற்றைப் பேசுற மாசம்) நிகழ்ச்சி வைக்கிறாங்க, இந்தத் தடவை தலைப்பு காதலாம், யார் வேணா வந்து பத்து நிமிஷம் ஒரு கதை சொல்லலாம். நானும் சும்மா இருக்காம பேர் குடுத்துட்டேன். அப்புறம் உக்காந்து யோசிச்சா எனக்குத் தெரிஞ்சது மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், ஒபாமா, அவ்ளோதான். அதுவும் பொண்ணோட ஸ்கூல் சார்ட்டுக்கு படம் வெட்டி ஒட்டினப்ப படிச்சது.

எதிர் வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, எழுபதைத் தாண்டினவங்க, கறுப்பினத்தவங்க. அவங்ககிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு, "எங்களைப் பத்தி பேச வர்றவங்க எல்லாம் சங்கிலில ஆரம்பிச்சு சாட்டையில முடிச்சிடுறாங்க, நாங்க கல்யாணமும் பண்ணிக்கிட்டோம், சண்டையும் போட்டோம், ஒருத்தரை ஒருத்தர் தேடியும் அலைஞ்சோம், அதை யாராவது சொன்னா கேக்க வர்றேன்"னாங்க. அவங்க முன்வரிசையில உக்காருவாங்கன்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

ரெண்டு கேள்வி. எந்தக் கதை? அப்புறம், எங்க அம்மாகிட்ட போன்ல தமிழ்ல சொல்லிப் பாத்து பழகலாம்னு பாத்தேன், அம்மா எடுத்த எடுப்புல "நீக்ரோ கதையா"ன்னு கேட்டாங்க. அந்த வார்த்தையை என்ன பண்றது?

இரும்புப்பெட்டி:

வார்த்தையை முதல்ல முடிச்சிடுவோம். அம்மாவைத் திட்டாதீங்க, நம்ம பழைய பத்திரிகைல எல்லாம் அப்படித்தான் அச்சாச்சு, அந்தக் காலத்துல அந்த மக்களே அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்க, 1926ல கார்ட்டர் ஜி. உட்சன்ங்கிற கறுப்பின வரலாற்று ஆசிரியர் இதை ஆரம்பிச்சப்ப பேரே நீக்ரோ ஹிஸ்டரி வீக்தான். இப்ப அது வேண்டாம். கறுப்பினத்தவர் போதும். இன்னொண்ணு, "அடிமைங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, "அடிமையா வச்சிருந்தாங்க"ன்னு சொல்லுங்க, அப்பதான் அதை ஒருத்தன் செஞ்சான்னு வாக்கியத்துலயே தெரியும்.

உட்சனே ஒரு கதைதான், அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமைத்தனத்துல இருந்தவங்க, இவர் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்துட்டு லேட்டா படிக்கப் போய் 1912ல ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்கினவர். அவர் ஏன் பிப்ரவரி ரெண்டாவது வாரத்தைப் பிடிச்சார்னா லிங்கன் பொறந்தநாள் 12, அடிமைத்தனத்துலேந்து தப்பிச்சு வந்து அதை எதிர்த்துப் பேசி எழுதின ஃப்ரெடரிக் டக்ளஸ் பொறந்தநாள் 14. ஆனா டக்ளஸுக்கு தான் எப்ப பொறந்தோம்னே தெரியாது, யாரும் எழுதி வைக்கலை. சின்ன வயசுல பிரிஞ்சு போன அம்மா தன்னை "வாலன்டைன்"னு கூப்பிட்ட ஞாபகத்துல அவரா எடுத்துக்கிட்ட தேதி அது. ஒரு தாயோட செல்லப்பேருதான் இந்த மாசத்துக்கே ஒரு காரணம்.

என்கிட்ட கேட்டா டக்ளஸ் மனைவி ஆனா மர்ரே கதையைச் சொல்லுங்கம்பேன். பால்டிமோர்ல வீட்டு வேலை செஞ்ச சுதந்திரமான கறுப்பினப் பொண்ணு. 1838 செப்டம்பர்ல டக்ளஸ் மாலுமி வேஷத்துல ரயிலேறித் தப்பிச்சாரே, அதுக்குப் பணம் குடுத்தது இவங்கதான், இறகு மெத்தையைக் கூட வித்தாங்கன்னு சொல்வாங்க. அவர் நியூயார்க் போய் சேர்ந்து தகவல் அனுப்பினதும் பொட்டி படுக்கையோட கிளம்பிப் போயிட்டாங்க, ரெண்டே வாரத்துல கல்யாணம். அப்புறம் 44 வருஷக் குடும்பம். அவர் ஊர் ஊரா பேசப் போனப்ப இவங்க ஷூ தைச்சு குடும்பம் நடத்தினாங்க. கடைசி வரைக்கும் படிக்கத் தெரியாது. இவ்வளவு பெரிய எழுத்தாளர், தன் வாழ்க்கையை மூணு புஸ்தகமா எழுதினவர், அதுல மனைவிக்குக் கிடைச்சது சில வரி. எனக்கு அது இன்னிக்கும் உறுத்தும். கடைசில மக ரோசெட்டாதான் 1900ல அம்மாவைப் பத்தி தனியா ஒரு உரை நிகழ்த்தினாங்க.

மாவுமில்:

அக்கா ஜார்ஜியாவுல உக்காந்துக்கிட்டு வேற கதை தேடுறீங்களா, உங்க மேக்கன் ஊர்லேந்து கிளம்பின வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் இருக்காங்களே. ரெண்டு பேரையும் அடிமையா வச்சிருந்தாங்க, எலனோட அம்மாவும் அடிமை, அப்பா அந்த வெள்ளைக்கார முதலாளியேதான், அதனால பாக்க வெள்ளைக்காரி மாதிரியே இருப்பாங்க. அடிமைத்தனத்துல பொறக்கிற குழந்தை முதலாளி சொத்து, எப்ப வேணா வித்துடலாம், அதுக்குப் பயந்தே இவங்க கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாங்க, பண்ணினப்புறமும் குழந்தை வேண்டாம்னு இருந்தாங்க.

1848 டிசம்பர். எலன் முடியை வெட்டிக்கிட்டு, பேன்ட் கோட்டு தொப்பி போட்டுக்கிட்டு, பச்சைக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒரு சீக்காளி பணக்கார இளைஞன் ஆயிட்டாங்க, வில்லியம் அந்தச் சின்ன முதலாளிக்கு வேலைக்காரன். ஏன் ஆம்பள வேஷம்னா வெள்ளைக்காரப் பொம்பளை ஒரு கறுப்பின ஆளோட தனியா பயணம் போகக் கூடாது. தாடி மீசை இல்லையே, அதுக்கு பல்லுவலி மாதிரி தாடையைச் சுத்தி ஒரு கட்டு. ஹோட்டல்ல கையெழுத்து கேப்பானே, எலனுக்கு எழுதத் தெரியாது (எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தாலே சட்டப்படி குத்தம் அங்க), அதுக்கு வலது கையைத் துணியில கட்டி கழுத்துலேந்து தொங்கவிட்டாச்சு. ரயில், கப்பல், மறுபடி ரயில், நாலு நாள், முதல் வகுப்புல பொண்டாட்டி, வேலைக்காரங்க பெட்டியில புருஷன். முதல் நாள் ரயில்லயே பக்கத்து சீட்டுல வந்து உக்காந்தவர் முதலாளி வீட்டுக்கு வந்து போற தெரிஞ்ச ஆளு, எலன் காது கேக்காத மாதிரி ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்துட்டாங்க. பால்டிமோர்ல கடைசி செக்கிங், இந்த அடிமை உன்னோடதுதான்னு அத்தாட்சி குடுன்னு நிறுத்திட்டான், மாட்டினோம்னு நினைக்கிறப்ப சீக்காளி முகத்தைப் பாத்து மனசு இளகி விட்டுட்டான். கிறிஸ்துமஸ் காலைல, அடிமைத்தனம் இல்லாத ஃபிலடெல்ஃபியா.

அதோட முடியலை. 1850ல தப்பிச்சவங்களைப் பிடிச்சுக் குடுக்கணும்னு சட்டம் வந்து, இவங்க குடியிருந்த பாஸ்டனுக்கே ஆள் பிடிக்க வந்துட்டானுங்க, கப்பலேறி இங்கிலாந்து போயிட்டாங்க. அங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, அங்கதான் குழந்தைங்களும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சப்புறம் எந்த ஜார்ஜியாவுலேந்து ஓடினாங்களோ அங்கயே திரும்பி வந்து பள்ளிக்கூடம் நடத்தினாங்க. பத்து நிமிஷம் பத்தாது, சொல்லிட்டேன்.

நூல்கண்டு:

எனக்கு பிடிச்சது குயில்ட் கதை. ஓடிப் போறவங்களுக்கு வழி காட்ட துணிப் போர்வையில ரகசியக் குறி தைச்சு வேலியில காயப்போடுவாங்களாம், அதைப் பாத்து எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்சுக்குவாங்க. அப்புறம் ஹாரியட் டப்மன், அடிமைத்தனத்துலேந்து தான் தப்பிச்சப்புறமும் 19 தடவை திரும்பப் போய் 300 பேரைக் கூட்டிட்டு வந்தவங்க. சின்னதா ஒரு போர்வையும் தைச்சுக் கொண்டு போனா நிகழ்ச்சி களைகட்டும்.

கறார்:

நூல்கண்டு, கோச்சுக்காதீங்க, ரெண்டும் இடிக்குது. போர்வைக் குறிக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்ல, தப்பிச்சு வந்தவங்க சொன்னதுலயும் எழுதினதுலயும் காணோம், 1990கள்ல வந்த ஒரு புஸ்தகத்துக்கு அப்புறம் பரவினது. வரலாற்று ஆளுங்க ஏத்துக்கறதில்லை. அந்த 300ம் பழைய வாழ்க்கை வரலாறு ஒண்ணுல ஊதிப் பெருசாக்கினது, ஆராய்ஞ்சவங்க கணக்கு சுமார் 13 பயணம், 70 பேர். ஒரு ஆளையும் பறிகொடுக்காம 70 பேர், அது குறைச்சலா? போர் நடக்கிறப்ப 1863ல கம்பாஹி ஆத்துல அவங்க வழிகாட்டிப் போன படை 700 பேருக்கு மேல விடுவிச்சது தனி. எதிர் வீட்டம்மாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், அவங்க முன்னாடி போய் தப்பா சொல்லி மாட்டிக்காதீங்க.

காதல்தான் வேணும்னா ஹாரியட்டோட காதலையே சொல்லலாமே, தோத்துப் போன காதல். ஜான் டப்மன்னு சுதந்திரமான ஆளைக் கல்யாணம் பண்ணியிருந்தாங்க. 1849ல தனியாத் தப்பிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, வேலை செஞ்ச காசுல அவருக்குப் புது டிரஸ் வாங்கிக்கிட்டு, உயிரைப் பணயம் வச்சு மேரிலாண்டுக்கு திரும்பிப் போறாங்க. அவர் வேற பொண்ணைக் கட்டிக்கிட்டு இருந்தார், வந்து பாக்கக்கூட மாட்டேன்னுட்டார். வீடு புகுந்து கலாட்டா பண்ணலாமான்னு கூட தோணிச்சாம். அப்புறம் அதை விட்டுட்டு, வந்தது வந்தோம்னு வேற சிலரைத் திரட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

ராத்திரிஷிப்ட்:

டியூட்டில உக்காந்து படிச்சிட்டிருக்கேன். அந்தம்மா "தேடியும் அலைஞ்சோம்"னு சொன்னாங்கள்ல, யாரும் அதைத் தொடலை.

அடிமைத்தனத்துல பண்ணின கல்யாணத்துக்கு சட்டத்துல மதிப்பே கிடையாது. புருஷனை ஒரு பக்கம் பொண்டாட்டியை ஒரு பக்கம் வித்துடுவாங்க, அதனால கல்யாண வாக்குல "சாவு பிரிக்கிற வரை"க்கு பதிலா "சாவோ தூரமோ பிரிக்கிற வரை"ன்னு சொல்ல வச்ச பாதிரிங்க உண்டு. 1865ல அடிமைத்தனம் ஒழிஞ்சப்புறம் என்ன ஆச்சுன்னா, ஜனங்க தேட ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்க, ஆயிரக்கணக்குல இருக்கு, அம்மாவைக் காணோம், தம்பியைக் காணோம், கடைசியா இன்ன ஊர்ல இன்னாருக்கு வித்தப்ப பாத்தேன், அப்ப எனக்கு இத்தனை வயசுன்னு. நியூ ஆர்லியன்ஸ் பேப்பர் ஒண்ணுல இதுக்குன்னே தனிப் பகுதி, சந்தாதாரருக்கு இலவசம், மத்தவங்களுக்கு 50 சென்ட், பாதிரிமார்கள் இதை சபையில வாசிச்சுக் காட்டுங்கன்னு மேலயே போட்டிருக்கும். ஏன்னா நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது, காதுல விழுந்தாதான் உண்டு. இருவது முப்பது வருஷம் கழிச்சும் குடுத்திருக்காங்க. பெரும்பாலும் கிடைக்கலை. அது தெரிஞ்சும் குடுத்தாங்க.

இன்னொண்ணு, இதுவும் உங்க ஜார்ஜியாதான். கடலோரத்துல கல்லா கீச்சி மக்கள் (கல்லான்னா கல்லாப்பெட்டி இல்ல, ஆப்பிரிக்காவுலேந்து அடிமையாக் கொண்டு வந்தவங்களோட வம்சம், அவங்க பேரு). 1930கள்ல லோரென்ஸோ டௌ டர்னர்னு கறுப்பின மொழியியலாளர் ஹாரிஸ் நெக்ங்கிற ஊர்ல அமீலியா டாலிங்கிற அம்மா பாடினதைப் பதிவு பண்ணினார். அர்த்தம் அந்தம்மாவுக்கே தெரியாது, வீட்டுல வழிவழியா வந்த பாட்டு. பின்னால கேட்ட, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற சியரா லியோன் நாட்டு மாணவர் ஒருத்தர் இது எங்க மெண்டே மொழின்னார். அதுக்கும் பல வருஷம் கழிச்சு ஆராய்ச்சிக்காரங்க சியரா லியோன் ஊருங்கள்ல போய்த் தேடினப்ப பெண்டு ஜபாட்டின்னு ஒரு அம்மா அதே பாட்டைப் பாடிக் காட்டினாங்க. அது சாவுக்குப் பொம்பளைங்க பாடுறது. நம்ம பாஷைல சொன்னா ஒப்பாரி. இதைப் பாடுறவங்க யாராவது வந்தா அவங்க நம்ம சொந்தம்னு பெண்டுவோட பாட்டி சொல்லிட்டுப் போனாங்களாம். 1997ல அமீலியாவோட மக மேரி மோரன் அங்க போனாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பாஷை தெரியாம உக்காந்து ஒரே பாட்டை.

வெள்ளிக்கொலுசு:

ராத்திரிஷிப்ட், உங்களதுதான். எலனை விட மனசே இல்ல மாவுமில், ஆனா நீங்க சொன்ன மாதிரி பத்து நிமிஷத்துல அடங்காது. விளம்பரத்துல ஆரம்பிச்சு பாட்டுல நிறுத்தப் போறேன். நேத்து அம்மாகிட்ட முழுசா சொல்லிப் பாத்தேன், ஒப்பாரின்னதும் லைன்ல சத்தமே இல்ல, கட் ஆயிடுச்சோன்னு ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு சந்தேகம், கறார் அண்ணாதான் பதில் சொல்லணும். "அந்த ஜான் பய அப்புறம் என்ன ஆனான், அந்தப் பொண்ணு தனியாவேவா இருந்துச்சு"?

கறார்:

ஜானை 1867ல ஒரு வெள்ளைக்காரன் தகராறுல சுட்டுக் கொன்னுட்டான், கோர்ட்டுல அவனை விட்டுட்டாங்க. ஹாரியட் 1869ல நியூயார்க் மாநிலத்து ஆபர்ன்ல நெல்சன் டேவிஸ்ங்கிற முன்னாள் சிப்பாயைக் கட்டிக்கிட்டாங்க. மாப்பிள்ளை இருவது வயசுக்கு மேல சின்னவர்.

வெள்ளிக்கொலுசு:

சொல்லிட்டேன். "அப்படிப் போடு"ன்னாங்க.