மறுமொழி: பிளாக்ஸ்பிளாய்டேஷன் நாயகிகளுக்குக் கலைச்சொல்

> இந்தப் படங்களைக் 'கறுப்பின அதிரடிப் படம்' என்றும், இவற்றின் நாயகிகளை 'வீராங்கனை' என்றும் சொல்லலாமா?

இரண்டும் வேண்டாம் ஐயா. பிளாக்ஸ்பிளாய்டேஷன் என்பது 1970களில் அமெரிக்காவில் கறுப்பின நடிகர்களை முதன்மைப் பாத்திரங்களாக்கி எடுத்த படவகை.

'அதிரடி' என்று போட்டால் சண்டை மட்டும் நிற்கும், குற்றச்சாட்டு போய்விடும். மூலச்சொல்லே குற்றச்சாட்டாகப் பிறந்ததுதான். 1972இல், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின் 'பிளாக்' (கறுப்பர்), 'எக்ஸ்பிளாய்டேஷன்' (சுரண்டல்) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். போதைப்பொருள் விற்பவனையும் பெண்களை வைத்துத் தொழில் நடத்துபவனையும் நாயகனாக்கிக் கறுப்பின மக்களிடமே காசு பார்க்கிறார்களே என்ற கோபம் அதில் இருக்கிறது. ஆகவே 'கறுப்பினச் சுரண்டல் படம்' என்பதே என் பரிந்துரை. பரபரப்பான விஷயத்தை விளம்பரமாக்கி விற்பது என்றும் சினிமாத் தொழிலில் 'எக்ஸ்பிளாய்டேஷன்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அது தமிழில் வராது, விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நாயகிக்குப் பெயர் வைப்பதுதான் கடினம். 'காஃபி' (1973) படத்தில் நடிகை பாம் கிரியர் ஏற்ற பாத்திரம் ஒரு செவிலி. தங்கையைப் போதையில் தள்ளியவர்களைத் தேடிப்போய்ப் பழிதீர்க்கிறாள். கையில் துப்பாக்கி, சுருட்டை முடிக்குள் சவரத்தகடு. அதே சமயம், எதிரியின் வீட்டுக்குள் நுழைய விலைமகளாக வேடமிடுகிறாள். கேமரா அவள் உடம்பை விட்டு நகர்வதில்லை. அடுத்த ஆண்டு வந்த 'ஃபாக்ஸி பிரவுன்' படத்திலும் ஏறக்குறைய இதே போக்குதான். இரண்டையும் எழுதி இயக்கிய ஜாக் ஹில் வெள்ளையர். வலிமையும் சுரண்டலும் ஒரே காட்சியில் இருக்கின்றன. 'வீராங்கனை' என்றால் பாதிதான் தெரியும். 'கிளியோபாட்ரா ஜோன்ஸ்' (1973) படத்தின் டமாரா டாப்சனுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்: ஆறடி இரண்டு அங்குல உயரம், அரசின் சிறப்பு முகவர், துருக்கியில் அபின் எடுக்கும் கசகசா வயலையே எரிக்க வைப்பவள்.

வெறும் 'நாயகி'யும் போதாது. நம் சினிமாப் பேச்சில் அது நாயகனின் ஜோடி என்றாகிவிட்டது. இந்தப் படங்களில் அவள் முடிவெடுத்தால்தான் கதை அடுத்த அடி நகரும். அதனால் 'கதைத்தலைவி' என்கிறேன். சங்கப் பாடல்களின் தலைவி நினைவுக்கு வருவாள்தான். ஆனால் மாதர் சங்கத் தலைவி, கட்சித் தலைவி என்று முன்னால் நின்று நடத்துபவளையும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

---

> 'கறுப்பினச் சுரண்டல் படம்' என்பதே என் பரிந்துரை.

'கதைத்தலைவி' எனக்குச் சம்மதம், அண்ணா. 'சுரண்டல்' மட்டும் உறுத்துகிறது. அந்தப் படங்களில் நடித்த பலரே அந்தப் பெயரை ஏற்கவில்லை. கறுப்பினப் பெண் துப்பாக்கி ஏந்தி முதன்மைப் பாத்திரமாக வந்ததைத் திரையரங்கில் கைதட்டிப் பார்த்த மக்களையும் அந்தச் சொல் ஏமாளிகளாக்கிவிடுகிறது.

---

நியாயமான வாதம். அப்படியானால் கலைச்சொல் பட்டியலில் தலைச்சொல்லாகப் 'பிளாக்ஸ்பிளாய்டேஷன்' என்றே ஒலிபெயர்ப்பில் இருக்கட்டும். 'கறுப்பினச் சுரண்டல் படம்' என்பதை, எதிர்த்தவர்கள் சூட்டிய பெயர் என்ற குறிப்போடு அடுத்துப் போடுவோம். 'கதைத்தலைவி'க்குத் தனிப் பதிவு. வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.