குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கேரவன் நிறுத்தித் தங்குவது: ஒத்து வருமா?

கோவை டிராவலர்:
கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் இடையில், ரப்பர் தோட்டத்துக்குள் கேரவன் நிறுத்தித் தங்க ஒரு சின்ன இடம் இருக்கிறது. நாலு வண்டி நிற்கலாம். ஜனவரிக் கடைசியில் குடும்பத்தோடு போய் வந்தோம். மறுபடி போகமாட்டேன். "கரண்ட் உண்டு" என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், வீட்டிலிருந்து மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய வயர். ஏசி போட்டதும் மீட்டரில் 175 வோல்ட். கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றது. மதியம் வண்டிக்குள் உட்கார முடியவில்லை. விடியற்காலை இருட்டில் தலையில் லைட் கட்டிக்கொண்டு ஆட்கள் வண்டியைச் சுற்றி நடக்கிறார்கள். அம்மா திருடன் என்று அலறிவிட்டார். கூடவே ஒட்டுப்பால், அதாவது உறைந்து ஒட்டிக்கிடக்கிற ரப்பர் பால், அதன் நாற்றம். இதற்கு ராத்திரிக்கு 900 ரூபாய். இன்னும் கொஞ்சம் போட்டால் நாகர்கோவிலில் ஏசி ரூமே கிடைக்கும்.

மதுரை மல்லிகா:
நாங்களும் அதே இடத்தில் தங்கினோம், செப்டம்பரில். ஃபேன்கூடப் போடவில்லை, ராத்திரி போர்வை தேடினோம். ரப்பர் காய் படார் என்று வெடித்து விதை வண்டிக் கூரையில் விழும். என் பையன் முதலில் பயந்தான், அப்புறம் எத்தனை விழுகிறது என்று எண்ண ஆரம்பித்தான். வீட்டுக்கார அக்கா சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கு அவித்து, தேங்காய் அரைத்த சாளைக் குழம்போடு வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். நாகர்கோவில் ரூமில்தான் தங்கவேண்டும் என்றால் எதற்கு சார் கேரவன்?

கோவை டிராவலர்:
குழம்பில் குறை சொல்லவில்லையே. எங்களுக்கும் கொடுத்தார், அருமை. நான் வெயிலைச் சொல்கிறேன். நீங்கள் ஃபேன்கூட வேண்டியிருக்கவில்லை என்கிறீர்கள். நான் பார்த்தபோது மரமெல்லாம் மொட்டை.

தொட்டிப்பாலம்:
நான் இந்தப் பக்கத்துக்காரன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ரப்பர் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக இலை கொட்டும். எங்கள் ஊரில் அது ஜனவரி, பிப்ரவரி வாக்கில். அப்போது தோட்டத்துக்குள் நிற்பதும் மொட்டை வெயிலில் நிற்பதும் ஒன்றுதான். வண்டி தகரம் வேறு. செப்டம்பரில் வானமே தெரியாது. இதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தலையில் லைட் கட்டி வந்தவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற தொழிலாளர்கள். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும், அதனால்தான் இருட்டில் வருகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு நேரம். தூங்க வந்தவர்கள்தான் கொஞ்சம் அனுசரிக்க வேண்டும்.

ஆனால் யாரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். கக்கூஸ் டேங்கை எங்கே காலி செய்தீர்கள்?

மதுரை மல்லிகா:
எங்களுடையது பெட்டி மாதிரி கழற்றி எடுக்கிற சின்ன டேங்க். அக்கா வீட்டுக் கக்கூஸிலேயே கொட்டச் சொன்னார். பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போனது.

கோவை டிராவலர்:
எனக்கு அந்தச் சலுகை இல்லை. என்னுடையது வண்டிக்கு அடியில் பொருத்திய பெரிய டேங்க், கழற்ற முடியாது. அங்கே வேலைக்கு நின்ற பையனிடம் கேட்டேன். பள்ளத்தில் ஓடுகிற ஓடையைக் கைகாட்டினான். நான் கொட்டவில்லை. அப்படியே கோவை வரை கொண்டுபோனேன்.

தொட்டிப்பாலம்:
அதைத்தான் பயந்தேன். அந்த ஓடை கால்வாயில் போய்ச் சேருகிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர்தான் இங்குள்ள கால்வாய்களில் ஓடுகிறது. 1966-இல் மாத்தூரில் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டியதே, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு இந்தத் தண்ணீரைக் கடத்தத்தான். வழிநெடுக ஜனங்கள் அதில் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். ஏசி ஓடவில்லை என்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எல்லா வண்டிக்காரரும் கோவைக்காரர் மாதிரி டேங்கைக் கொட்டாமல் கொண்டுபோவார்களா?

மதுரை மல்லிகா:
ஓடையில் கொட்டுவது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் இப்படியே தனி செப்டிக் டேங்க், தனி மீட்டர், சிமெண்ட் ரோடு என்று அடுக்கினால் 900 ரூபாய் 4000 ஆகிவிடும். அப்புறம் அதற்குப் பெயர் ரிசார்ட். கொஞ்சம் ரப்பரை வைத்துக்கொண்டு, விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம் அது. அவர்கள் சொந்த முற்றத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் வயர்மேன்:
அக்கா, நான் தொழில் செய்கிறவன், சொல்கிறேன். நீங்கள் பயப்படுகிற செலவு இதற்கு ஆகாது. 1 டன் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 3 கிலோவாட் பக்கம் வரும். மெல்லிய வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் வோல்டேஜ் வழியிலேயே தின்றுபோகும். கனமான கேபிள் மண்ணுக்கடியில், வண்டி நிற்கிற இடத்தில் 16 ஆம்ப் பிளக், ஒழுங்கான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச். இவ்வளவுதான்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மரத்தில் தொங்குகிற வயர் உரசித் தோல் கிழிந்து, வண்டியின் இரும்பு பாடியில் கரண்ட் இறங்கினால், ஈரக் காலோடு படியில் ஏறுகிற குழந்தைக்கு என்ன ஆகும்? கோவை சார் குறை சொன்னது ஏசியை. நான் சொல்வது உயிரை. செப்டம்பரில் உங்களுக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம்.

மதுரை மல்லிகா:
சரி, வயர் விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. என் பையன் அந்தப் படியில்தான் நாள் முழுக்க ஏறி இறங்கினான். அக்காவுக்கு நானே போன் போட்டுச் சொல்கிறேன். ஆனால் "மறுபடி போகமாட்டேன்" என்று பொதுவில் எழுதுவதற்குமுன் அவரிடமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதில் மாறமாட்டேன்.

கோவை டிராவலர்:
கிளம்பும்போது சொன்னேனே. "எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க" என்று பதில் வந்தது. நல்லதை மட்டும் எழுதினால் அவருக்கு எப்படித் தெரியும்?

தொட்டிப்பாலம்:
ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போகிறேன். ஓடை விஷயத்தை நேரில் கேட்டு இங்கே எழுதுகிறேன். சரியான பதில் வராவிட்டால் பஞ்சாயத்தில் சொல்வேன், எங்கள் ஊர்க்காரர் என்று பார்க்கமாட்டேன்.

கோவை டிராவலர்:
எழுதுங்கள். என்னை மாதிரி பெரிய டேங்குக்கும் வழி செய்திருந்தால், இலை இருக்கிற மாதத்தில் இன்னொரு தடவை யோசிக்கிறேன். 900 ரூபாய் அதிகம் என்பதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.