விமானந்தாங்கிக் கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவர்கள், அதில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்

காரைக்கால் மாலுமி:
2021 ஜூலை, சூயஸ் வளைகுடா. கால்வாய்க்குள் வரிசையாகப் போகிற கான்வாய்க்காக நங்கூரம் போட்டுக் கிடந்தோம். எங்களுடையது சரக்குக் கப்பல், நான் செகண்ட் ஆபீசர், கம்பெனி பெயர் வேண்டாம். கால்வாயை விட்டு பிரிட்டனின் விமானந்தாங்கி குயின் எலிசபெத் வெளியே வந்தது. 65,000 டன். கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் இருந்த எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள், என் கண் மட்டும் கூட வருகிற கப்பல்கள் மேலேயே இருந்தது. வான்பாதுகாப்புக்கென்று பிரிட்டன் கட்டிய டைப் 45 ரகப் போர்க்கப்பல் மொத்தமே ஆறுதான், அதில் இரண்டு இந்தப் பயணத்துக்கு வந்தன, அந்த இரண்டில் டயமண்ட் என்ற கப்பல் எஞ்சின் கோளாறாகி மத்தியதரைக் கடலிலேயே தங்கிவிட்டது. மிச்சம் டிஃபெண்டர் ஒன்று. துணைக்கு வந்தவற்றில் ஒன்று அமெரிக்கக் கப்பல், இன்னொன்று டச்சுக் கப்பல். இவ்வளவு பெரிய கப்பலைக் கட்டியவர்கள் காவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று ராத்திரி வாட்ச் டூட்டியில் எங்கள் எலக்ட்ரானிக் சார்ட், அதாவது கடல் வரைபடம் காட்டுகிற கம்ப்யூட்டர், அப்படியே உறைந்துவிட்டது. ரீஸ்டார்ட் போட்டால் பச்சைப் புல்மேடு, நீல வானம், அதே பழைய விண்டோஸ் எக்ஸ்பி படம். சுற்றிலும் கப்பல்கள், என் திரையில் புல்வெளி. பேக்கப் மெஷினும் அதே பதிப்புதான். குயின் எலிசபெத்திலும் 2017இல் பத்திரிகைக்காரர்கள் போனபோது கட்டுப்பாட்டு அறைத் திரையில் எக்ஸ்பி ஓடியதைப் பார்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. உங்களில் யாராவது கடற்படைக் கப்பலில் இருந்திருந்தால் உள்ளே நிலைமை எப்படி என்று சொல்லுங்கள்.

மன்னார்குடி மகன்:
நான் இல்லை, என் அப்பா. நம் பழைய விமானந்தாங்கி விக்ராந்தில் ஸ்டோக்கராக, பாய்லர் பார்க்கிறவராக இருந்தவர். 1971இல் அதன் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல், வேகமே எடுக்க முடியாது. அதைத் தேடித்தான் பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் ராஜ்புத் என்ற கப்பலை விட்டு விக்ராந்த் பேசுவது மாதிரி சேதி அனுப்ப வைத்தார்கள், அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா சொன்னது வேறு. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் முதல் வேலையாக பிரம்மபுத்ரா, பியாஸ், கவரட்டி என்ற காவல் கப்பல் மூன்றும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்களாம். ஒன்று கண்ணில் படவில்லை என்றால் சாப்பாடு இறங்காதாம். போன வருஷம் அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து "கவரட்டி எங்கடா?" என்று கேட்டார். இருக்குப்பா, பக்கத்துல தான் இருக்கு என்று சொன்னேன். அப்புறம்தான் தூங்கினார்.

திருவாரூர் வயர்மேன்:
காரைக்கால் தம்பி, எக்ஸ்பி விஷயத்தை ரொம்பப் பெரிதாக்காதீர்கள். கட்டுமானம் நடக்கிற கப்பலில் பத்து காண்டிராக்டர் பத்து விதக் கம்ப்யூட்டர் வைத்திருப்பான், ஒரு திரையைப் பார்த்துவிட்டு ஆயுதமே அதில்தான் ஓடுகிறது என்று எழுதுவது சரியில்லை. பிரிட்டனின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலனும் கப்பலுக்கு ஆபத்து இல்லை என்றுதான் சொன்னார். வெளி நெட்வொர்க்கோடு இணைப்பே இல்லாத மெஷினில் எந்தப் பதிப்பு இருந்தால் என்ன?

என் அனுபவம் சின்னது. கொச்சியில் புது விக்ராந்த் கட்டும்போது கேபிள் இழுக்கிற வேலைக்குப் போனேன். 2019இல் கப்பலுக்குள் இருந்த கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க், பிராசசர் எல்லாம் திருடுபோய் கேஸ் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) வரை போனது. நானும் வரிசையில் நின்று கைரேகை கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்ற பீகார் பையனுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அவன் ஒரு தப்பும் செய்யாதவன். ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறவன் உள்ளே வந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது.

மெர்ச்சன்ட் நேவிக்கும் யார்டு வேலைக்கும் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சார்ட் மெஷினின் யு.எஸ்.பி.யில் போனை சார்ஜ் போடாதீர்கள். சார்ட் அப்டேட்டுக்கு வைத்திருக்கிற பென்டிரைவில் படம், பாட்டு எதையும் ஏற்றாதீர்கள், அதைத் தனியாகப் பூட்டி வையுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் கொண்டுவருகிற லேப்டாப்பை ஸ்கேன் பண்ணாமல் செருக விடாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. மெஷின் ஒருமுறை உறைந்தாலும் லாக் புத்தகத்தில் எழுதி கேப்டனிடம் கையெழுத்து வாங்குங்கள், வாயால் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கை பேரிங் எடுத்து, அதாவது கண்ணில் படும் அடையாளங்களின் திசையை அளந்து, இடத்தைக் குறிக்கிற பழக்கத்தை விடவே விடாதீர்கள். காவல் கப்பல் விஷயத்தில் மட்டும் தம்பி சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆழித்தேர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் வராமல் வடத்தைத் தொடமாட்டோம்.

அக்கரைப்பேட்டை:
ஆழ்கடல் சூரைக்குப் போயிருந்தோம். பெரிய கப்பல் ஒன்றும் கண்ணில் படவில்லை, ஹெலிகாப்டர்தான் முதலில் வந்தது. படகுக்கு மேலேயே நின்று கையைக் காட்டி விலகச் சொன்னார்கள். காற்று தாங்காமல் எங்கள் மாமா தூண்டில் கயிற்றை வெட்டிவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் தூரத்தில் தட்டையாக ஒரு நிழல் போனது. அன்றைக்குக் கயிறு போனதில் வயிற்றெரிச்சல். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். 2017இல் ஸ்காட்லாந்து இன்வர்கார்டனில் இதே குயின் எலிசபெத் நின்றபோது யாரோ ஒருவர் ட்ரோனைக் கொண்டுபோய் மேல்தளத்திலேயே இறக்கினார், கேட்க ஆளில்லை. எங்களை மூன்று பேரோடு போன ஃபைபர் படகு என்று கூடப் பார்க்காமல் விரட்டினார்கள், அங்கே என்னவென்றால் இப்படி.

தஞ்சாவூர் வாத்தியார்:
எங்கள் பள்ளி விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து ஊரில். 2020 ஜனவரியில் 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய் போர்விமானங்கள் வந்ததிலிருந்து வகுப்பு நடுவில் பேச்சை நிறுத்திக் காத்திருப்பது பழகிவிட்டது. அந்த விமானத்தில் கப்பலைத் தாக்குகிற இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையைத் தொங்கவிட்டுக் கடலுக்கு அனுப்ப முடியும். ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன், "சார், இது மாதிரி மத்தவங்ககிட்டயும் இருக்குமா? அப்ப நம்ம விக்ராந்த்?" என்றான். கூட இருக்கிற கப்பல்கள் தடுக்கும்டா என்றேன். எத்தனை கப்பல் என்று உடனே கேட்டான், அதற்குள் அடுத்த விமானம் மேலே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

காரைக்கால் மாலுமி:
வயர்மேன் அண்ணே, கோபப்படாமல் கேளுங்கள். வெளி இணைப்பு இல்லை என்றால் பயமில்லை என்கிறீர்கள். 1997இல் அமெரிக்காவின் யார்க்டவுன் போர்க்கப்பலில் யாரும் ஹேக் பண்ணவில்லை. கம்ப்யூட்டரில் எண் நிரப்புகிற ஒரு கட்டத்துக்குள் பூஜ்யம் போட்டார்கள், கணக்கு பூஜ்யத்தால் வகுக்கப் போய் நெட்வொர்க் விழுந்தது, எஞ்சின் நின்று கப்பல் நடுக்கடலில் கிடந்தது. விண்டோஸ் என்.டி.யில் ஓடிய கப்பல் அது. விமானந்தாங்கிக்கு அப்படி ஒன்று நடந்தால் அது சரியாகிற வரைக்கும் சுற்றி நிற்கிற கப்பல்கள்தான் அதைக் காக்க வேண்டும், அந்தக் கப்பல்களே இரண்டு மூன்றுதான் என்றால்? இரண்டையும் சேர்த்துத்தான் நான் கேட்டேன். பென்டிரைவ் பற்றி நீங்கள் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜில் ஒட்டுகிறேன்.

மன்னார்குடி மகன், அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கவரட்டி என்ற பெயரில் இப்போதும் ஒரு கப்பல் இருக்கிறது, நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டியது. 2021 ஜூலையில் குயின் எலிசபெத் வங்காள விரிகுடாவுக்கு வந்தபோது பயிற்சிக்குப் போன நம் கப்பல்களில் அதுவும் ஒன்று.

மன்னார்குடி மகன்:
படம் இருந்தால் அனுப்புங்கள் தம்பி. அப்பாவிடம் காட்டுகிறேன்.